கம்ப்யூட்டர் பர்மனென்ட் ஆன விவரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் வந்து அகண்ட ஜோதி ஆட்டோ பிரஸ்ஸிங்ஸ் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். கார் கதவுக்கு உள்ளே ஒரு தகடு இருக்கிறது. கார் வாங்கியவர் ஆயுசுக்கும் அதைப் பார்க்கப்போவதில்லை. அதை நாங்கள்தான் செய்கிறோம். ஆனால் அது எங்களுக்கு உபதொழில். முக்கியத் தொழில் கூட்டம் போடுவது. என் பெயர் அன்புசெல்வன், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் யாரோ சொல்லித் தொலைத்தார்கள். அன்று முதல் எல்லாக் கூட்டங்களுக்கும் மினிட்ஸ் எழுதுகிறவன் நான். ஆகவே இதில் வரும் எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. எல்லாவற்றுக்கும் ஃபைல் இருக்கிறது.

கம்பெனிக்கு இரண்டு கேட். முன் கேட்டில் பர்மனென்ட் ஆட்கள் நுழைவார்கள். உள்ளே வந்ததும் டீ டோக்கன் உண்டு. பின் கேட், காண்டிராக்ட் ஆட்களுக்கு. அங்கே டோக்கன் கிடையாது. வரிசையில் நின்று டிபன் டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு வரலாம். கவரைப்பேட்டையிலிருந்து வரும் பிரின்சி, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறவள், ஆறு வருடமாக டப்பாவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். தினமும் அதில் என்ன சோறு என்று பின் கேட் செக்யூரிட்டி தாவீதுக்கு அவள் அம்மா ரோசம்மாளுக்கு அடுத்தபடியாகத் தெரியும்.

காண்டிராக்டிலிருந்து பர்மனென்ட் ஆக எங்கள் கம்பெனியில் ஒரே வழிதான் இருந்தது. வேலையை ஒழுங்காகச் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். சிப்காட் கம்பெனிகளுக்குள் வருடாவருடம் ஒரு போட்டி நடக்கும். அதில் கோப்பை வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், வருடத்துக்கு ஒன்று, பர்மனென்ட். பரசுராமன் அப்படித்தான் கேரம் ஆடி உள்ளே வந்து இன்று ரெக்ரியேஷன் ரூமுக்கு இன்சார்ஜாக இருக்கிறார். கபடி ஆடி வந்தவர்கள் ஸ்டோரில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் முட்டி போய்விட்டது. அதனால்தான் இந்த வருடம் போட்டி நடத்தும் சிப்காட் கம்பெனிகள் சங்கத்துக்காரர்கள் கபடியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் கார் ரேஸ் என்று அறிவித்தார்கள். புதுவாயலில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. ஒவ்வொரு கம்பெனியும் தன் கம்ப்யூட்டரைத் தானே கொண்டுவர வேண்டும்.

எங்கள் ரெக்ரியேஷன் ரூமில் கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் எட்டு வருடமாக இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு கேண்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் படம் வந்திருக்கும். ஓடும்போது கிரைண்டரில் மாவு ஆட்டுகிற சத்தம். ரேஸில் பாலத்துத் திருப்பத்துக்கு வந்ததும் திரை இரண்டு விநாடி அப்படியே உறைந்துவிடும். படம்தான் நிற்குமே தவிர உள்ளே கார் ஓடிக்கொண்டேயிருக்கும். படம் திரும்பி வரும்போது கார் ஆற்றில் மிதக்கும். இந்த வியாதியோடும் அதில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவள் பிரின்சி. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவாள்.

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தபோது அவள் பரசுராமனிடம் போய் நின்றாள். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணே, இதுக்கு மெமரி கொஞ்சம் ஏத்தி, ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா போதும்ணே. கவரைப்பேட்டை கடைக்காரரு அரைமணி நேரத்துல மாட்டிக் குடுத்துடறேன்றாரு. இல்லாட்டி பாலத்தாண்ட நின்னுக்கினு பேஜார் பண்ணுது."

"அவ்ளோதானே? ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. மேல அனுப்பிடறேன்" என்றார் பரசுராமன்.

அவர் கெட்டவர் இல்லை. கேரம் ஆடி வந்தவர். மேலே அனுப்பினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

மேலே பிளான்ட் ஹெட் வீரராகவன் இருந்தார். கடிதத்தைப் படித்த அன்றே 'ரெக்ரியேஷன் கணினி மேம்பாட்டுத் தேவை ஆராய்வுக் குழு' ஒன்றை அமைத்துத் தானே தலைவரானார். முதல் கூட்டத்துக்குப் பிரின்சியைக் கூப்பிட்டார்கள். அவள் கையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்து, உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் கடைசிவரை நின்றாள்.

கான்ஃபரன்ஸ் ஹாலின் சுவரில் இரண்டு பலகைகள் உண்டு. 'பழுதில்லா நாட்கள்' என்று ஒன்று, 'விபத்தில்லா நாட்கள்' என்று இன்னொன்று. இரண்டிலும் அன்று ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் இந்தப் பலகைகளைத்தான் போட்டோ எடுப்பார்கள். பிறகு சாப்பிடப் போய்விடுவார்கள்.

"கம்ப்யூட்டர் பழுதாயிருக்கா?" என்று கேட்டார் வீரராகவன்.

"நின்னு நின்னு ஓடுது சார்."

"நின்ன அப்புறம் ஓடுதா, இல்லையா?"

"ஓடுது சார்."

"அப்ப பழுது இல்ல. பழுதாகாத மெஷினை எப்படிம்மா மாத்துறது?"

"அப்ப பழுதாயிடுச்சுன்னே எழுதிக்குங்க சார்."

வீரராகவன் பலகையைப் பார்த்தார். எல்லோரும் பலகையைப் பார்த்தோம்.

"நம்ம பிளான்ட்ல ஒரு மெஷின் பழுதாகி மூணு வருஷத்துக்கு மேல ஆகுது" என்றார் அவர் நிதானமாக. "எப்படின்னு நினைக்கிறீங்க? மெஷின் நல்லா இருக்கிறதாலயா? இல்ல. நாம எழுதறதில்ல. அந்த டிசிப்ளின்தான் இந்தக் கம்பெனி."

பழுது இல்லை என்பது ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று எழுதினேன். ஆளுக்கு ஒரு சமோசா வந்தது. பிரின்சிக்கு வரவில்லை. அவள் பெயர் அஜெண்டாவில்தான் இருந்தது, சமோசா லிஸ்டில் இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் மூலகாரணம் கண்டுபிடித்தார்கள். ஒரு பிரச்சினை வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும், ஐந்தாவது பதிலில் மூலகாரணம் அகப்படும் என்பது எங்கள் கம்பெனியின் வேதம். வீரராகவனே எழுந்து வெள்ளைப் பலகையில் எழுதினார். கம்ப்யூட்டர் ஏன் நிற்கிறது? பழசு. ஏன் பழசு? வந்து எட்டு வருடமாகிறது. ஏன் வந்தது? தொழிலாளர்கள் சந்தோஷமாக இருப்பதற்காக. தொழிலாளர்கள் ஏன் சந்தோஷமாக இருக்க வேண்டும்?

இந்த நாலாவது ஏனுக்கு அறையில் இருந்த பதினொரு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பத்து நிமிடம் யோசித்தார்கள். கடைசியில் அந்தக் கேள்வியைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதென்று முடிவாயிற்று. இன்றுவரை பதில் வரவில்லை.

போட்டிக்கு நாலு வாரம்தான் இருந்தது. மூன்றாவது கூட்டத்துக்கு முந்தைய நாள், சொத்துக் கணக்கெடுப்பவர் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் 'தற்காலிகம் – சோதனைக்காக மட்டும்' என்று இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு கடைக்காரர், பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிடித்திருக்கிறதா என்று முடிவு செய்வதற்குள் அவர் கடையையே மூடிவிட்டார்.

"தற்காலிகமா இருக்கறது மேல கம்பெனி செலவு பண்ணாது. அது கொள்கை" என்றார் வீரராகவன்.

கதவோரம் நின்றிருந்த பிரின்சி, "தெரியும் சார்" என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆறு வருட அனுபவத்தைச் சொன்னாள். நான் அதை மினிட்ஸில் எழுதவில்லை.

ஆக, கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்ய வேண்டுமானால் முதலில் அதை நிரந்தரமாக்க வேண்டும். சாமான்களை நிரந்தரமாக்க ஒரு படிவம் உண்டு. ஆனால் அந்தப் படிவம் பிப்ரவரி மாதத்திலிருந்து திருத்தத்தில் இருந்தது. நிரந்தரமாக்குவதற்குக் கம்பெனியில் அன்றைக்கு நடப்பில் இருந்த ஒரே படிவம், ஆட்களை நிரந்தரமாக்கும் படிவம். அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று குழு முடிவு செய்தது. யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். அந்த அறையில் ஏ.சி. குளிருக்குச் சிரிப்பு வராது.

படிவத்தை நிரப்பும் வேலை ஹெச்.ஆர். கிளார்க் செண்பகத்திடம் வந்தது. இருபது வருடமாக மற்றவர்களின் ஆர்டரையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருக்கும் பெண்மணி. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். கம்ப்யூட்டரைப் பற்றித் தெரிந்த ஆள் வேண்டும் என்று பிரின்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கல்வித் தகுதி?"

"விண்டோஸ் செவன்க்கா."

"அங்க அடையாளம்?"

"வலது பக்கம் ஒரு கீறல் கீது. கேரம் ஸ்டாண்டு வுழுந்தது."

"திருமண நிலை?"

பிரின்சி யோசித்தாள். "முன்ன ஒரு பிரின்டர் கூட இருந்துச்சு. அத பர்சேஸ்காரங்க எத்துகினு போயிட்டாங்க."

செண்பகம் 'தனியாக வசிக்கிறார்' என்று அடித்தார். பிறகு ஒரு கட்டத்தில் நின்றார். "நாமினி. இத காலியா வுட முடியாது. பேர் இல்லாம சிஸ்டம் சேவ் ஆவாது. யார் பேரப் போடறது?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

செண்பகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உன் பேரே போட்டுக்கறேன்" என்றார்.

"போட்டுக்கக்கா. எனக்கு ரயிலுக்கு டைம் ஆவுது."

மருத்துவப் பரிசோதனைக்குக் கம்பெனி டாக்டர் வந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறவர். கம்ப்யூட்டர்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சில் இரைச்சல் இருக்கிறது. உள்ளே தூசி. இங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இருப்பதுதான். தகுதியானவர்" என்று கையெழுத்துப் போட்டார்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு நிரந்தரமாக்கும் விழா நடந்தது. கேக் வெட்டினார்கள். கம்ப்யூட்டருக்கு அடையாள அட்டை கொடுத்துப் பெட்டிமேல் ஒட்டினார்கள். பிரஸ் ஷாப்பைத் தாண்டி எடுத்துப்போனபோது பாதுகாப்பு விதிப்படி அதற்கு ஒரு ஹெல்மெட் கவிழ்த்தார்கள். வீரராகவன் உருக்கமாகப் பேசினார்.

"எட்டு வருஷம். ஒரு நாள் லீவு கேட்டதில்ல. சம்பளம் ஏத்தச் சொன்னதில்ல. கேண்டீன் சாம்பார் சரியில்லைன்னு சொன்னதில்ல. ஒரு தொழிலாளி எப்படி இருக்கணும்னு நான் கனவு காண்றேனோ, அது இங்க உக்காந்திருக்கு."

எல்லோரும் கைதட்டினோம். பிரின்சியும் தட்டினாள். ஆறு வருடமாக அதே மாதிரி லீவு போடாமல், சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவள் கேக் கிடைக்காத வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் 'விழா இனிதே நிறைவுற்றது' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விழா முடிந்ததும் அவள் பிளான்ட் ஹெட்டிடம் போனாள். "சார், இப்ப மாத்திடலாங்களா சார்? மெமரி..."

"இரும்மா. இப்பதான கன்ஃபர்ம் ஆயிருக்கு. அப்கிரேடுன்னா பதவி உயர்வு. கன்ஃபர்ம் ஆன தேதியிலிருந்து மூணு வருஷம் முடியணும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அன்று ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் என்னிடம் கேட்டாள். "அண்ணா, நான் மொதல்லயே வாய மூடிக்கினு இருந்திருந்தா, என் காச போட்டு கடக்காரர கூட்டாந்து மாட்டிக்கினு போயிருக்கலாம் இல்ல?"

"மாட்டியிருக்கலாம். கேக்காம கம்பெனி பொருளத் தொட்டன்னு உன்ன அனுப்பியிருப்பாங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றாள்.

போட்டி நாளன்று புதுவாயல் மண்டபத்தில் மணமேடைமேல் பதினான்கு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. மற்றவை எல்லாம் நீலமும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தன. எங்களுடையது மினிவேனில், தலையில் ஹெல்மெட்டோடு வந்து இறங்கியது. அடையாள அட்டையை யாரும் எடுக்கவில்லை. எடுக்க ஹெச்.ஆர். அனுமதி வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரன் சுவிட்ச் போட்டதும் படம் வந்தது. நாங்கள் முன்கூட்டியே போட்டுவிட்டு மண்டபத்துப் பின்னால் போய் டீ குடித்துவிட்டு வந்தோம்.

ரோசம்மாளும் வந்திருந்தாள். ஜெபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஜெயிச்சா பர்மனென்ட்டுன்றாங்களே, நெஜமாப்பா?" என்று என்னைக் கேட்டாள். வருடாவருடம் அப்படித்தான் நடக்கிறது என்றேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

ரேஸ் ஆரம்பித்தது. முதல் சுற்றில் பாலம் வந்தது. எங்கள் திரை உறைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் ஆற்றில் இல்லை. ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது சுற்றிலும் உறைந்தது, கார் ரோட்டில்தான் இருந்தது. அப்போதுதான் அவள் உதடு அசைவதைக் கவனித்தேன். பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் பட்டனை அமுக்கினால் மேல் அச்சு கீழே இறங்கித் தகட்டை அடித்து மேலே ஏற சரியாக இரண்டு விநாடி. ஒன்று என்று எண்ணும்போது இறங்கும், ரெண்டு என்று எண்ணும்போது ஏறும். ஷிப்டுக்கு மூவாயிரம் முறை, ஆறு வருடம். அந்தக் கணக்கு அவள் உடம்பிலேயே ஏறியிருந்தது. திரை உறையும்போது அவள் ஒன்று என்று சொல்லி, ஒன்றரையில் கையைத் திருப்பி, ரெண்டில் நேராக்கினாள். மற்ற பதின்மூன்று பேரும் கண்ணால் பார்த்து ஓட்டினார்கள். அந்தக் கேமில் கடைசிச் சுற்றில் பாலத்துத் திருப்பத்தில் மழை கொட்டி ரோடே தெரியாது. அவர்கள் தடுமாறினார்கள். அவளுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. எப்படியும் அவளுக்கு அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது.

ஜெயித்துவிட்டாள். ரோசம்மாள் அழுதாள். நானும்தான் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் காலை கோப்பையை நடுவில் வைத்துக் குழு கூடியது. வீரராகவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எட்டு வருஷத்துப் பழைய மெஷினை வச்சே ஜெயிக்க முடியும்னா, அப்கிரேடு எதுக்கு? இத நான் கம்ப்யூட்டருக்கு மட்டும் சொல்லலை. பழைய ஏ.சி., பழைய பஸ், பழைய சம்பளம் எல்லாத்துக்கும் சொல்றேன். கஷ்டம் இருந்தாத்தான் திறமை வெளிய வருது. அந்தக் கஷ்டத்தைத் தர்றது எங்க பொறுப்பு. எழுதிக்கங்க அன்புசெல்வன்."

எழுதிக்கொண்டேன். பரசுராமன்தான் மெதுவாகக் கேட்டார். "சார், பொண்ணுக்கு ஆர்டர்?"

ஹெச்.ஆர். மேனேஜர் ஒரு தாளைப் புரட்டினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வருடத்துக்கு ஒரே ஓர் இடம். ரெக்ரியேஷன் பிரிவில் போன வாரம் ஒருவரை நிரந்தரமாக்கியாகிவிட்டது. அந்த இடம் நிரம்பிவிட்டது.

"யார சார் போட்டீங்க?" என்று கேட்டாள் கதவோரம் நின்றிருந்த பிரின்சி.

எல்லோரும் மூலையில் ஹெல்மெட்டோடு இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தோம். அவளும் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் வீரராகவன். "அடுத்த வருஷம் செஸ்ஸுன்னு பேசிக்கறாங்க. உனக்கு செஸ் தெரியுமா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லிவிட்டு நாஷ்டாவுக்குப் போயிருப்போம். அவள் கோப்பையை மேஜை நடுவுக்குச் சரியாக நகர்த்தி வைத்துவிட்டு, ஷிப்டுக்குப் போய்விட்டாள். 'சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிய என் நல்ல கையெழுத்தைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

பதினொரு மணிக்குப் பாராட்டு விழா. பாராட்டு கம்ப்யூட்டருக்கு. சங்கத்துப் பத்திரிகைக்குப் போட்டோ வேண்டும் என்று அதை ஓட விட்டு மேடையில் வைத்திருந்தார்கள். வீரராகவன் ஆளுயர ரோஜா மாலையைத் தூக்கி அதன் கழுத்து எது என்று ஒரு கணம் தேடி, பெட்டிமேலேயே போட்டார். காலையில் கட்டிய மாலை, வாடாமல் இருக்க நன்றாகத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். தண்ணீர் மேல்பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே இறங்கியது. இதழ்கள் ஃபேனுக்குள் போயின. கிரைண்டர் சத்தம் நின்றது. டப் என்று ஒரு ஒலி, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். போட்டோகிராபர் அதையும் எடுத்துவிட்டான்.

பதினைந்து நிமிடத்தில் அவசரக் கூட்டம். வீரராகவன் இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் பழுதாகிவிட்டது என்று எழுதினால் 'பழுதில்லா நாட்கள்' பூஜ்யம். பணியாளர் வேலை நேரத்தில் மாலை விழுந்து போய்விட்டார் என்று எழுதினால் 'விபத்தில்லா நாட்கள்' பூஜ்யம். அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து போட்டோ எடுக்க வருகிறார்கள். மனிதர் பாவம், வியர்த்துவிட்டார்.

கதவருகே ஃபைலோடு நின்றிருந்த செண்பகம் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்தார். "சார், வயசாயி இயற்கையா போயிட்டாருன்னா அது பழுதும் இல்ல, விபத்தும் இல்ல."

வீரராகவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. டாக்டருக்கு ஆள் போனது. அன்று அவர் வரும் நாள்தான். பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'முதுமை காரணமாகப் பணியிலிருக்கும்போது இயற்கை மரணம்' என்று எழுதிக் கொடுத்தார். வீரராகவன் தலைவராகக் கையெழுத்திட்டார். பதினொரு பேரும் கையெழுத்திட்டார்கள். இரண்டு பலகைகளும் பிழைத்தன. ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். சமோசா வந்தது.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்த பிறகு செண்பகம் இரண்டாவது முறையாகப் பேசினார்.

"அப்ப வாரிசு வேலைக்கு ஆர்டர் போட்டுடலாங்களா சார்? பணியில இருக்கும்போது இயற்கையா எறந்த பர்மனென்ட் ஆளோட நாமினிக்கு முப்பது நாளுக்குள்ள வேலை குடுக்கணும். நிலையாணை முப்பத்தி நாலு."

"யாரு நாமினி?" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர், சமோசாவை வாயருகே வைத்துக்கொண்டு.

செண்பகம் ஃபைலைத் திறந்து மேஜைமேல் வைத்தார். கம்ப்யூட்டரை நிரந்தரமாக்கிய அந்தப் படிவத்தின் அடியிலும், படிக்காமலே போட்ட பதினொரு கையெழுத்துகள் இருந்தன.

அடுத்த ஒரு மணி நேரத்தில் எழுதியதுதான் என் பன்னிரண்டு வருட மினிட்ஸிலேயே சிறந்தது. கம்ப்யூட்டர் எப்படி ஆளாகும் என்று வீரராகவனே கேட்டார். ஆள் இல்லை என்றால் மெஷின், மெஷின் என்றால் இன்று பழுது, பலகை பூஜ்யம் என்று ஹெச்.ஆர். மேனேஜர் சொன்னார். விபத்து என்று மாற்றி எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டார். அப்போது மாலை போட்டது யார் என்ற விசாரணை வரும் என்று இன்னொருவர் சொன்னார். மாலை போட்டவர் உடனே அந்த யோசனையை நிராகரித்தார். கடைசியில் வீரராகவன் எழுந்து நின்றார்.

"இந்தக் கம்பெனி மனுஷங்களுக்கு நியாயம் செஞ்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா எழுதி வெச்ச பேப்பருக்கு ஒரு நாளும் துரோகம் செஞ்சதில்ல. ஆர்டர் போடுங்க."

ஒருமனதாக ஏற்கப்பட்டது. அந்த வரியை நான் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் பிரின்சியைக் கூப்பிட்டு விவரம் சொன்னபோது அவள் நம்பவில்லை. நான் கிண்டல் செய்கிறேன் என்று கோபித்துக்கொண்டாள். செண்பகம் வாரிசு வேலைப் படிவத்தை அவள் முன்னால் வைத்தார். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி இருந்தது.

"எறந்தவருக்கு நீ இன்னா ஒறவு? இதையும் காலியா வுட முடியாது."

பிரின்சி படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். பிறகு, "கூட வேல செஞ்சவன்னு போடுக்கா" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் டெம்பரரியாதானே இருந்தோம்." அப்போதுதான் அவள் அழுதாள். செண்பகம் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார்.

வாரிசு வேலை என்றால் இறந்தவரின் இடத்தில் இறந்தவரின் பதவி. அதனால் ஆர்டரில் இப்படி இருந்தது: 'பதவி: ரெக்ரியேஷன் கணினி. பணி நிலை: நிரந்தரம். மூன்று வருடம் முடிந்த பின் அப்கிரேடு குறித்துப் பரிசீலிக்கப்படும்.' பதவியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்றேன். கேட்டால் குழு அமைப்பார்கள் என்று செண்பகம் சொன்னார். விட்டுவிட்டோம்.

வேலை பழையபடி பிரஸ் ஷாப்பில்தான். முதல் நாள் பிரின்சி பழக்கத்தில் பின் கேட்டுக்கே போய் டப்பாவைத் திறந்துவிட்டாள். தாவீது அவள் கழுத்தில் தொங்கிய புது அட்டையை வாங்கித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர்னு போட்டுக்குது?"

"ஆமாண்ணே."

"பர்மனென்ட்டுன்னு போட்டுக்குதே?"

"ஆமாண்ணே."

தாவீது அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப இன்னாத்துக்கு இங்க நிக்கிற? முன் கேட்டுக்குப் போ. டப்பாவ மூடு, சோறு ஆறிடும்."

அவள் முன் கேட் வழியாக வந்து டீ டோக்கனை வாங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டோக்கனோடு கேண்டீனுக்குப் போகாமல் ரெக்ரியேஷன் ரூமுக்குள் போனாள். அங்கே பழைய கம்ப்யூட்டர் இருந்த மேஜைமேல் முந்தைய நாள்தான் ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. யாரோ ஒரு கடைக்காரர், பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். பிடித்திருக்கிறதா என்று ஆராயக் குழு அமைத்தாகிவிட்டது. அதன் பின்பக்கம் மஞ்சள் ஸ்டிக்கர்.

பிரின்சி ஸ்டிக்கரைப் படித்தாள். ஓரத்தில் சுருண்டிருந்ததை விரலால் தடவி ஒட்டினாள்.

"அவசரப்படாத. எனக்கு ஆறு வருசம் ஆச்சு" என்று அதனிடம் சொல்லிவிட்டு, டீ குடிக்கப் போனாள்.